ஆர்.சி. புத்தகத்தில் எங்கள் பேர்

எங்க தாத்தன் பதினாலு கிணத்துக்குப் பறி தச்சவர். ராசிபுரத்துக்குத் தெற்கே மேட்டாங்காட்டு ஊர்களில் கவலை ஓடிய காலம் அது. தோல்பறி இல்லாமல் கிணற்றிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே வராது. செத்த மாட்டைத் தூக்கிவந்து உரித்து, சுண்ணாம்பில் ஊறப்போட்டு, ஆவாரம்பட்டையில் பதம் பண்ணி, வாராலேயே தைத்து, எண்ணெய் போட்டுக் கொடுக்கணும். பறி கிழிந்துவிட்டால் நடுச்சாமத்திலும் தெருமுனையில் நின்று கூப்பிடுவார்கள். விடியறதுக்குள்ள ஒட்டுப்போட்டுக் கொடுத்தாகணும். அந்த ஊர்களின் பாசனமே எங்க ஆட்களின் ஊசிமுனையில் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் மிகையில்லை. இன்றைய பாஷையில் சொன்னால் எங்க தாத்தன் ஒரு 'சப்ளையர்'. தொழில் தெரிந்தவர், கருவி சொந்தமாக வைத்திருந்தவர், பதினாலு வாடிக்கை உள்ளவர். விலை சொல்லும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை. வருஷத்துக்கொருமுறை போரடித்து முடித்த களத்துமேட்டில் துண்டை விரித்துக் குனிந்து நிற்கணும். கவுண்டர் அளந்து போடுவதுதான் கூலி. குறைந்தால், "சாமி, இன்னொரு வள்ளம் போடச் சொல்லுங்க சாமி" என்று கேட்கலாம். கேட்கலாம், அவ்வளவுதான்.

கரண்டு மோட்டார் வந்தது. பத்துப் பதினைந்து வருஷத்தில் கவலை ஓய்ந்தது. கொஞ்சநாள் மோட்டாரின் புட்வால்வுக்குத் தோல் வாசர் வெட்டிக் கொடுத்துப் பார்த்தாராம். அப்புறம் ரப்பர் வந்துவிட்டது. மோட்டார் விற்கிற கடை, சுருள் கட்டுகிற பட்டறை, பைப் கடை, பிறகு திருச்செங்கோட்டு ரிக் வண்டி என்று தண்ணீரைச் சுற்றி எத்தனையோ தொழில் முளைத்தது. கிணற்றையும் தண்ணீரையும் தலைமுறை தலைமுறையாக அறிந்த மாதாரிகளில் ஒருத்தனைக் கூப்பிட்டு, "வாடா, நீயும் ஒரு பங்கு சேர்ந்துக்க" என்று யாரும் சொன்னதாக எங்க அவ்வா சொல்லி நான் கேட்டதில்லை. (வீட்டில் எங்களுக்குத் தெலுங்கு. தமிழ் எம்.ஏ. படித்தவளுக்கு அவ்வாவா என்று கேட்கிற தோழர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.)

இந்தப் பழங்கதையை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்போது எங்கு பார்த்தாலும் 'தலித் தொழில் முனைவோர்', 'தொழில் துறையுடன் கூட்டாண்மை' என்ற பேச்சாக இருக்கிறது. கருத்தரங்கு வைக்கிறார்கள், குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள். எங்களுக்கும் தொழில்துறைக்கும் உறவே இருந்ததில்லை, இனிமேல்தான் புதிதாகப் பாலம் கட்டப்போகிறோம் என்பதுபோல அங்கே பேசுகிறார்கள். உறவு எப்போதும் இருந்தது. அது யார் கையில் அளவு வள்ளம் இருந்தது என்ற உறவு.

சேலம், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று இந்தச் சமவெளி முழுக்க லாரியால் எழுந்த பூமி. மழை பொய்த்த காட்டை அடகு வைத்தோ விற்றோ ஒரு பழைய லாரி வாங்கி, தானே ஓட்டி, இரண்டாக்கி, நாலாக்கி முதலாளி ஆனவர்களின் கதை இங்கே ஊருக்கு நூறு இருக்கிறது. அவர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதே ரோட்டில் அதே ராத்திரிகளில் எங்க ஆட்களும் கிளீனராக, டிரைவராகக் கண்விழித்தார்கள். அவர்கள் டிரைவராகவே கிழவராகிச் செத்தார்கள். உழைப்பால் உயர்ந்தவர் கதையில் சொல்லாமல் விடப்படுவது மூன்று: அடகு வைக்கக் காடு, ஜாமீன் போட மாமன் மச்சான், சீட்டு எடுத்துக் கொடுக்கச் சொந்தக்காரனின் பைனான்ஸ். திருப்பூர் பனியன் கம்பெனிகளைப் பற்றி சரத் சாரி என்ற ஆய்வாளர் 2004இல் ஒரு புத்தகம் எழுதினார். தொழிலாளியாக இருந்த கவுண்டர்கள் தங்களுக்குள் கூட்டுச் சேர்ந்து முதலாளிகளானதை அவர் விவரிக்கிறார். உழைப்பையே முதலாகப் போட்டோம் என்று அவர்கள் சொல்லிக்கொள்வதையும் பதிவு செய்கிறார். புத்தகத்தின் பெயரிலேயே சகோதர மூலதனம் என்று வைத்தார். ஆக, கூட்டாண்மை என்பது இந்த மண்ணுக்குப் புதிய சரக்கல்ல. ரொம்ப நன்றாகவே நடந்திருக்கிறது. சாதிக்குள்ளே நடந்திருக்கிறது.

அரசாங்கம் கைகொடுக்கவில்லையா என்றால், அதுவும் கொடுத்தது. ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் வியாபாரிகளிடம் சிக்கிக் கிடந்தபோது 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. சத்துணவுக்கு முட்டை வாங்குகிறது அரசு. நாமக்கல் கோழிப்பண்ணைக்கு அது எவ்வளவு பெரிய வாடிக்கை என்று யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதையெல்லாம் சலுகை என்று ஒருவரும் பேசுவதில்லை. அது 'தொழில் வளர்ச்சி'. பண்ணையில் கோழிச் சாணம் அள்ளுகிறவன் மகன் கடன் கேட்டு மனுப் போட்டால் அதுதான் சலுகை.

இனி எங்க பெரியப்பா மகன் கதைக்கு வருகிறேன். பேர் வேண்டாம், அண்ணன் என்றே சொல்கிறேன். பதினாறு வயசில் கிளீனராக ஏறியவர், இருபத்தஞ்சு வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறார். அதில் பாதிக்கு மேல் கேஸ் டேங்கர். கொச்சி, மங்களூர், விசாகப்பட்டினம் எல்லாம் அவருக்கு எங்க தெருச்சந்து மாதிரி. புல்லட் டேங்கரை எங்கே எப்படி நிறுத்தணும், வால்வு லேசாகச் சீறினால் என்ன செய்யணும் என்பதை அவர் சொல்லும்போது ஒரு பேராசிரியர் பாடம் நடத்துவதுபோல இருக்கும். தென்மாநிலங்களுக்கு எரிவாயு சுமக்கிற இந்த டேங்கர்களின் தலைநகரம் நாமக்கல். உரிமையாளர் சங்கமே இங்கேதான் இருக்கிறது. பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் டேங்கர் லாரிக்கு டெண்டர் போடும்போது பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும் ஒரு பங்கு ஒதுக்குகின்றன. பெட்ரோல் பங்க், கேஸ் ஏஜென்சி ஆகியவற்றிலும் அப்படித்தான். காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல கூட்டு ஏது? ஒருபக்கம் நாட்டின் பெரிய தொழில் நிறுவனம், மறுபக்கம் எங்க அண்ணன்.

2018இல் புது டெண்டர் வந்தது. அண்ணன் வேலை செய்கிற இடத்து ஓனர் ஒருநாள் அவரை ஆபீசுக்குள் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாராம். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல்முறை. "ஏப்பா, நீ நம்ம வண்டியிலேயே வளந்தவன். உன் பேர்ல மூணு வண்டி போடலாம்னு இருக்கேன். நீயும் பார்ட்னர் ஆயிடு" என்றாராம். தாத்தன் 'சாமி' என்றார், அப்பன் 'மொதலாளி' என்றார், மகன் 'பார்ட்னர்' ஆகிவிட்டான். மூணு தலைமுறையில் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று அண்ணன் அன்றைக்கு அழுதாராம். அந்த அழுகையைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

என்னென்ன கையெழுத்து வாங்கினார்கள் என்று பிற்பாடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். சாதிச் சான்றிதழின் நகல். அண்ணன் பேரில் தனி உடைமை நிறுவனம். அதற்கு அவர் குலசாமியின் பேர் வைத்திருந்தார்கள், அந்தப் பெருமை மட்டும் அவருக்கு. அந்த நிறுவனத்தின் பேரில் வங்கிக் கணக்கு. அந்தக் கணக்கை நடத்த ஓனரின் மைத்துனருக்குப் பவர் பத்திரம். தேதியும் தொகையும் எழுதாத காசோலைகள் இரண்டு புத்தகம். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் ஓர் ஒப்பந்தம்: வண்டியின் வருமானத்தில் தனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை, மாதம் 8,000 ரூபாய் பெற்றுக்கொள்கிறேன், கேட்கும்போது வண்டிகளை மாற்றிக் கொடுத்துவிடுகிறேன். வண்டிக் கடன் மட்டும் முழுக்க முழுக்க அண்ணன் பேரில். ஆர்.சி. புத்தகத்தில் அவர் பேர். டேங்கரின் கதவில் கொட்டை எழுத்தில் அவர் நிறுவனத்தின் பேர். தன் பேர் எழுதிய அந்த வண்டியையே அவர் டிரைவராக ஓட்டினார். டிரிப் முடிந்து வந்து பேட்டாவுக்கு மேனேஜர் மேசை முன்னால் நின்றார். டயர் தேய்மானத்துக்கு அவர் சம்பளத்தில் பிடித்தார்கள். முதலாளியின் வண்டி டயரை டிரைவர் தேய்த்துவிட்டாராம். இரண்டு பேரும் ஒரே ஆள்.

எனக்கு இது தெரியவந்தது 2023இல். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் செப்டம்பர் 15இல் தொடங்கியபோது எங்க தெருவில் அநேகமாக எல்லாருக்கும் வந்தது. அண்ணிக்கு வரவில்லை. மேல்முறையீடு செய்யலாம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, அண்ணியின் ரப்பர் செருப்பைப் பார்த்துவிட்டு, மறுபடி கணினியைப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் பேர்ல கனரக வாகனம் மூணு இருக்கேம்மா" என்றார். கார், டிராக்டர், கனரக வாகனம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்தத் தொகை கிடையாது என்பது விதி. அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை. பதிவேடு சொல்வதைத்தான் அவர் சொன்னார். அண்ணி வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று, "எங்க புள்ள அந்த மூணு வண்டி? எனக்கும் காட்டேன்" என்றார்.

அடுத்த அடி மகளுக்கு. கல்லூரிக்குப் போன பிள்ளைக்கு உதவித்தொகை வேண்டுமென்றால் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கணும். அண்ணன் பேரில் வரிக்கணக்கில் ஓடுவதோ கோடி. எட்டாயிரத்துக்கு விற்ற பேர் என்னென்னவெல்லாம் தின்றுவிட்டது என்று நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒன்று சொன்னார்: "அந்த எட்டாயிரத்துலதான் புள்ள இதுவரைக்கும் படிச்சுது." அதற்கு என்னிடம் பதில் இல்லை. இயக்கத்தில் நாம் 'பினாமி' என்று ஒரே வார்த்தையில் துப்பிவிட்டுப் போகிறோமே, அந்த வார்த்தைக்குள் ஒரு பிள்ளையின் பீஸ் ரசீது இருக்கிறது.

2025 மார்ச் கடைசியில் எண்ணெய் நிறுவனங்களின் புதிய டெண்டர் விதிகளை எதிர்த்துத் தென்மாநில எரிவாயு டேங்கர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 27ஆம் தேதி தொடங்கிச் சில நாளில் முடிந்தது. டேங்கர்கள் வரிசையாக நிற்கிற படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பதிவேட்டுப்படி எங்க அண்ணன் வேலைநிறுத்தம் செய்த உரிமையாளர். வீட்டில் அடுப்பைப் பார்த்தால் பேட்டா இல்லாத டிரைவர். விதிகளில் எது சரி எது தப்பு என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. சங்கத்தில் அவருக்கு ஓட்டு உண்டா என்றுகூட அவருக்குத் தெரியாது.

தனி ஒரு ஓனரின் அயோக்கியத்தனம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2012 மார்ச் 23இல் மத்திய அரசு ஒரு கொள்முதல் ஆணை போட்டது. அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குவதில் நூற்றுக்கு 20ஐச் சிறு, குறுந்தொழில்களிடம் வாங்கணும். அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் தொழில்களிடமிருந்து 4 வரணும். 2015 ஏப்ரல் முதல் இது கட்டாயம். 2018இல் 20ஐ 25 ஆக்கினார்கள். நம்முடைய 4 மட்டும் 4ஆகவே இருந்தது. பல ஆண்டுகளில் அது 1ஐக்கூடத் தொடவில்லை. இங்கே இருக்கிற சேலம் உருக்காலையும் இந்த ஆணைக்குக் கட்டுப்பட்டதுதான். 2019இல் அந்த ஆலையை விற்கப் பார்த்தார்கள். தனியார் கைக்குப் போகிற ஒவ்வொரு ஆலையோடும் இந்த 4ம் சேர்ந்து போய்விடும் என்பதை வேலை ஒதுக்கீட்டுக்காகப் போராடுகிற நாம்கூட அவ்வளவாகப் பேசுவதில்லை.

யாருடையது தலித் தொழில்? தனி உடைமையானால் உடைமையாளர் பட்டியல் சாதியாக இருக்கணும். கூட்டு நிறுவனமானால் 51 சதவீதப் பங்கு அவர்களிடம் இருக்கணும். கம்பெனியானாலும் அதே 51. இவ்வளவுதான் அளவுகோல். காசோலைப் புத்தகம் யார் பையில் இருக்கிறது, லோடு இருக்கிறதென்று டிப்போவிலிருந்து யாருக்குப் போன் வருகிறது என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. 51 என்பது காகிதத்தில் எழுதச் சுலபமான எண். எங்க அண்ணனுக்கு 100 எழுதிக் கொடுத்தார்களே!

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. ஆஸ்திரேலிய அரசு 2015 ஜூலையில் பூர்வகுடி மக்களின் தொழில்களிடம் கொள்முதல் செய்யும் கொள்கையைக் கொண்டுவந்தது. ஒப்பந்தங்களின் எண்ணிக்கையில் நூற்றுக்கு 3 என்று இலக்கு வைத்தார்கள். ஒரு நல்ல விதியும் அதில் இருந்தது: 80,000 முதல் 2 லட்சம் டாலர் வரையிலான ஒப்பந்தமா, முதலில் பூர்வகுடித் தொழில் எதனாலாவது முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவரிடம் போகணும். வேலை நிறையக் கிடைத்தது. கூடவே வெள்ளைக்காரக் கம்பெனிகள் ஒரு கறுப்பு முகத்தை முன்னால் நிறுத்திக்கொண்டு வந்தன. பிளாக் கிளாடிங் என்று அதற்கு அங்கே பேரே வந்துவிட்டது; சுவருக்கு மேல் ஒட்டுகிற மெல்லிய ஓடு மாதிரி கறுப்பை ஒட்டிக்கொள்வது. பாதி உடைமை இருந்தால் போதும் என்றிருந்த விதியை 51 ஆக்கப்போவதாக 2025இல் அறிவித்தார்கள். நாம் 51இல் நின்று என்ன ஆனோம் என்று அவர்களுக்கு யாராவது எழுதிப்போட்டால் நல்லது. தென்னாப்பிரிக்கா இன்னொரு வழிக்குப் போனது. கறுப்பினத்தவர் பேரை முன்னால் வைத்து ஏமாற்றுவதை 2013ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் குற்றமாக்கியது. பத்து வருஷம் வரைக்கும் சிறை. இங்கே அதற்குப் பேர் 'அட்ஜஸ்ட்மெண்ட்'.

இங்கேயும் பெரிய பேச்சுகள் நடக்காமல் இல்லை. 2002 ஜனவரியில் போபாலில் கூடி வெளியிட்ட பிரகடனம், அரசும் தொழில்துறையும் தலித்துகளிடமிருந்து பொருள் வாங்கணும் என்று கேட்டது. 2005இல் மிலிந்த் காம்ப்ளே புனேயில் தலித் தொழில் வர்த்தக சபையைத் தொடங்கினார். 2006இல் தனியார் துறையில் இட ஒதுக்கீடு வந்துவிடுமோ என்ற பயத்தில் முதலாளிகள் சங்கங்கள் ஜே.ஜே. இரானி தலைமையில் ஒரு குழு போட்டு, சட்டம் வேண்டாம், நாங்களாகவே செய்கிறோம் என்றார்கள். அவர்களாகவே செய்ததை இந்தச் சமவெளியில் தேடிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக் கர்நாடகம் 'நீங்களாகவே' என்று விடவில்லை. சிறிய அரசுப் பணி ஒப்பந்தங்களில் நூற்றுக்கு 24.1 பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும் என்று சட்டமே போட்டது. முதலில் 50 லட்சம் வரையிலான பணிகளுக்கு. 2023இல் அதை ஒரு கோடி ஆக்கினார்கள்.

தலித் முதலாளி என்பதே ஒரு ஏமாற்று, பத்துப் பேரைக் கார் ஏற்றிவிட்டுக் கோடிப்பேரைச் சேரியிலேயே விட்டுவிடுவார்கள் என்று சொல்கிற தோழர்கள் உண்டு. அவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. மூலதனம் சாதியைக் கரைக்கும் என்று நான் நம்பவில்லை. அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த அம்பேத்கர் பம்பாயில் பங்குச் சந்தை முதலீட்டுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் தொடங்கினார். ஆளின் சாதி தெரிந்ததும் வாடிக்கைக்காரர்கள் நின்றுவிட்டார்கள். சந்தைக்குச் சாதிக் கண் இல்லை என்று யாராவது வகுப்பெடுத்தால் இதை ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லுங்கள். ஆனால் மீதிப் பாதியில் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. புரட்சி வரும்வரை அண்ணன் அடுத்தவன் வண்டியை, அதுவும் தன் பேர் எழுதிய அடுத்தவன் வண்டியை, ஓட்டிக்கொண்டே இருக்கணுமா?

நடந்த கூட்டுகளில் என்னை மிகவும் குழப்பியது மலக்குழி இயந்திரம். 2017இல் ஐதராபாத் குடிநீர் வாரியமும், 2019இல் டெல்லி ஜல் போர்டும் தலித் வர்த்தக சபையோடு சேர்ந்து, கழிவுநீர்க் குழாய் அடைப்பு நீக்கும் வண்டிகளைத் துப்புரவுத் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் உடைமையாக்கின. 2024 டிசம்பர் 6, அம்பேத்கர் நினைவு நாளில் சென்னையிலும் அதுபோலக் கொடுத்தார்கள், அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தின் கீழ். திட்டத்தில் 35 சதவீதம் மானியம், 6 சதவீதம் வட்டி மானியம். செய்தியைப் படித்ததும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. குழிக்குள் இறங்கிச் செத்தவர்களில் பெரும்பாலோர் எங்க ஆட்கள். இப்போது முதலாளி ஆக்குகிறார்கள், அதுவும் அதே குழிக்கு! மாட்டுத்தோலுக்கு எங்களை எழுதிவைத்தவர்களும் இப்படித்தானே நினைத்திருப்பார்கள். ஆனால் உட்கார்ந்து யோசித்தால், அந்த ஏற்பாட்டின் எலும்புக்கூடு சரியாக இருக்கிறது. வண்டி வாங்குவதற்கு முன்பே வேலை உறுதி. வேலை கொடுப்பது வாரியம், கடன் கொடுப்பது வங்கி, மானியம் கொடுப்பது அரசு. நடுவில் ஓனரும் இல்லை, மைத்துனரும் இல்லை. ஒட்டிக்கொண்டிருக்கிற சாக்கடையை மட்டும் கழற்றிவிட்டு, அந்த எலும்புக்கூட்டைக் கேஸ் டேங்கருக்கு, சத்துணவு முட்டைக்கு, உருக்காலையின் சரக்குப் போக்குவரத்துக்கு ஏன் வைக்கக்கூடாது?

ஏனென்றால் மற்ற இடங்களில் ஏற்பாடு தலைகீழாக இருக்கிறது. அண்ணனும் இன்னும் நாலு டேங்கர் டிரைவர்களும் (மூணு பேர் அருந்ததியர், ஒருவர் பறையர்) சேர்ந்து ஒரு வண்டி போடலாம் என்று போன வருஷம் முடிவெடுத்தபோது நான் கூடவே அலைந்தேன். டெண்டர்க்காரர், வண்டி இருந்தால் வா என்கிறார். வங்கிக்காரர், வேலை உத்தரவு இருந்தால் வா என்கிறார். வண்டிக்கு அரைக்கோடி ஆகும். ஈடாக எழுதிக்கொடுக்க அஞ்சு பேரிடமும் சேர்த்து இருப்பது அரசு கொடுத்த பட்டா வீடுகள். "அந்தக் காலனி வீட்டை ஏலம் விட்டா யாருங்க வந்து எடுப்பா?" என்று ஓர் அதிகாரி எங்களிடமே கேட்டார். உண்மையைத்தான் கேட்டார். ஊர்த்தெருவில் ஒரு ஓட்டு வீட்டுக்கு இருக்கிற மதிப்பு எங்க தெருவில் மாடி வீட்டுக்குக் கிடையாது. அதனால்தான் தீண்டாமை என்பது டீக்கடை டம்ளர் மட்டும் இல்லை, வங்கியில் ஈட்டுமதிப்பும்தான் என்று நான் கூட்டங்களில் சொல்லிவருகிறேன். ஒரு கிளைக்கு ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடிக்காரருக்காவது 10 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை கடன் என்று 2016இல் தொடங்கிய ஸ்டாண்ட் அப் இந்தியா 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது. இவர்கள் அஞ்சு பேரும் அதன் பேரையே அதற்குப் பிறகுதான் கேள்விப்பட்டார்கள். டெண்டர், வங்கி என்ற இந்த இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்கிறவனைத்தான் ஓனர் போன் போட்டு உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்கிறார். அவரிடம் வண்டியும் இருக்கிறது, மேனேஜரும் சொந்தக்காரர். அவரிடம் இல்லாதது ஒன்றே ஒன்று, நம் சாதிச் சான்றிதழ். பிறந்ததிலிருந்து நம்மை இழிவுபடுத்திய அந்தக் காகிதம் ஒரு சந்தையில் விலைபோகிறது, அந்த விலையையும் அவரே சொல்கிறார் என்பதுதான் இதில் எனக்கு ஆறாத புண்.

அஞ்சு பேரும் வாரத்தில் ஒரு ராத்திரி எங்க வீட்டுத் திண்ணையில் கூடுகிறார்கள். அதாவது அஞ்சு பேரும் ஒரே ராத்திரியில் ஊரில் இருந்தால். கூட்டுப் பத்திரத்தை நான் வாசிக்க, வரிவரியாகச் சண்டை போடுகிறார்கள். காசோலையில் எத்தனை பேர் கையெழுத்து? இரண்டு பேர் ஊரில் இல்லாவிட்டால்? ஒருத்தன் செத்துப்போனால் பங்கு யாருக்கு, சம்சாரத்துக்கா தம்பிக்கா? டயர் யார் கணக்கு? டயர் வரியில் மட்டும் இரண்டு வாரம் ஓடியது. ஓட்டுகிறவர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று அண்ணன் எழுதச் சொன்னார், எழுதியாயிற்று. சம்சாரத்துக்குத்தான் பங்கு என்ற வரியை அண்ணி உள்ளேயிருந்து கத்திச் சேர்க்கவைத்தார்.

ஆனால் அதற்கு முன்னால் பழைய கணக்கு தீரணும். மூணு வண்டியின் கடன் அண்ணன் பேரில் இருக்கிறவரை எந்த வங்கியும் அவர் முகத்தைப் பார்க்காது. பவர் பத்திரத்தை ரத்து செய்து, காசோலைப் புத்தகங்களைத் திருப்பிக் கேட்டு, வண்டிக் கணக்கை ஒப்படைக்கச் சொல்லி, பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதினோம். ஆங்கிலத்தில் வக்கீல் நோட்டீசாகப் போடலாம் என்றார்கள். அண்ணன் வேண்டாம் என்றார். "நான் சொல்றதை நீ தமிழ்லயே எழுது. அவரு படிக்கட்டும்" என்றார். எழுதினேன். கீழே கையெழுத்துக்குப் பக்கத்தில் 'உரிமையாளர்' என்று போடட்டுமா என்று கேட்டேன். கொஞ்சநேரம் யோசித்து, "போடு" என்றார்.

பெற்றுக்கொண்டதற்கான அட்டை நாலாம் நாள் வந்தது. அன்றிலிருந்து அண்ணனுக்கு டிரிப் இல்லை. எட்டாயிரமும் நின்றுவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் டெம்போ ஓட்டப் போகிறார். மகள் கடைசி வருஷம், பீஸ் கட்ட ஜூன் வரை நேரம் இருக்கிறது.